பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகள் விளையாடலாமா? டாக்டரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பெரம்பூர் அம்மா

வணக்கம். என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. பிறக்கும்போதே டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ (சுருக்கமாக டி.ஓ.எஃப்.) என்ற இதயக் குறை. ஒரு வயது முடிவதற்குள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து, ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் வழியை அகலப்படுத்தினார்கள். அதன்பின் பெரிய தொல்லை எதுவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ, ஈ.சி.ஜி. எடுத்துக் காட்டுகிறோம். "நல்லா இருக்கான், அடுத்த வருஷம் வாங்க" என்கிறார்கள்.

பிரச்சினை பள்ளிக்கூடத்தில். நெஞ்சில் தழும்பு இருப்பது தெரிந்த நாளிலிருந்து பி.டி. பீரியடில் அவனை இறக்குவதே இல்லை. மற்ற பிள்ளைகள் கிரவுண்டுக்கு ஓடியதும், அவர்கள் கழற்றிப் போட்ட வாட்ச், ஐ.டி. கார்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டி ஓரமாக உட்கார்ந்திருப்பான். எது யாருடைய பாட்டில் என்று அவனுக்கு மனப்பாடம். வீட்டிலும் மாடிப்படியில் கால் வைத்தாலே என் மாமியார் "மெதுவா, மெதுவா" என்பார். இப்போது உடம்பு போட்டுவிட்டது. ஸ்டேஷன் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது. இது இதயத்தாலா, உட்கார்ந்தே இருப்பதாலா என்று புரியவில்லை.

கடைசியாகப் போனபோது "விளையாடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "பார்த்து விளையாடட்டும்மா" என்றார். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது, மேலே கேட்க வாய் வரவில்லை. எதை விளையாடலாம், எவ்வளவு நேரம், எப்போது நிறுத்த வேண்டும், ஒன்றும் தெரியாமல் வந்துவிட்டோம். பள்ளியிலோ எழுத்தில் கொண்டுவா என்கிறார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தாம்பரம் தம்பி

அக்கா, எனக்கும் அதே டி.ஓ.எஃப்.தான். இப்போது 24 வயது. நானும் பள்ளிக்காலம் முழுக்க உட்கார்ந்தே இருந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

"விளையாடலாமா, கூடாதா" என்று கேட்டால் டாக்டர் ஒரு வரியில்தான் பதில் சொல்வார். அடுத்த தடவை "இவனுக்கு எக்ஸர்சைஸ் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, எந்த அளவு செய்யலாம் என்று எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். எக்கோ படுத்திருக்கும்போது எடுப்பது. ஓடும்போது இதயம் என்ன செய்கிறது என்பது ஓடவைத்தால்தானே தெரியும்.

டெஸ்ட் எப்படி இருக்கும் என்று மகனிடம் முன்பே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டான். மூக்கையும் வாயையும் மூடி ஒரு ரப்பர் மாஸ்க்கை இறுக்கமாக மாட்டுவார்கள். நெஞ்சில் ஈ.சி.ஜி. வயர்கள், கையில் பி.பி. பட்டை, விரலில் ஆக்சிமீட்டர். எனக்கு சைக்கிளில் எடுத்தார்கள், சில இடங்களில் டிரெட்மில். மிதிக்க மிதிக்கப் பெடலைக் கனமாக்கிக்கொண்டே போவார்கள். மாஸ்க் இருப்பதால் பேச முடியாது. கட்டைவிரலை மேலே காட்டினால் இன்னும் போகலாம், கீழே காட்டினால் நிறுத்திவிடுவார்கள். டெக்னீஷியன் ஒரு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நம்பரைத் தொட்டுக் காட்டச் சொல்வார். எனக்கு முதலில் எரிந்தது தொடை. நெஞ்சில் ஒன்றும் இல்லை.

ரிசல்ட்டில் துடிப்பு பிசகவில்லை, ஆக்சிஜன் இறங்கவில்லை, பி.பி. ஏறவேண்டிய மாதிரி ஏறியது. உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மட்டும் என் வயதுக்கு இருக்கவேண்டியதைவிடக் குறைவு. டாக்டர் சொன்னார்: "இதுல இதயத்தோட பங்கும் இருக்கு. ஆனா ஓடியே பழகாத காலோட பங்குதான் ஜாஸ்தி. அதை நீ சரி பண்ணலாம்." எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

அண்ணாநகர் ஃபிசியோ

தம்பி சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஃபிசியோதெரபிஸ்ட். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் நோயின் பெயரை வைத்தே முடிவு செய்வார்கள். டி.ஓ.எஃப். என்றால் இது கூடாது, வால்வு என்றால் அது கூடாது என்று. இப்போது அப்படி இல்லை. அமெரிக்க இதயக் கழகம் 2013-லேயே, பிறவி இதயக் குறை உள்ளவர்களைச் சுறுசுறுப்பாக இருக்கச் சொல்லி ஊக்குவிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்று அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டியில் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். கீழறைகள் எவ்வளவு வலுவாகச் சுருங்குகின்றன, நுரையீரல் தமனியில் அழுத்தம் எவ்வளவு, பெருந்தமனி வீங்கியிருக்கிறதா, துடிப்பு தாறுமாறாகிறதா, உட்கார்ந்திருக்கும்போதும் உழைக்கும்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு. இந்த ஐந்தும் நன்றாக இருந்தால் ஒரே நோய்ப்பெயர் உள்ள இரண்டு பேரில் ஒருவர் கால்பந்து ஆடலாம், ஐந்தில் ஒன்று சரியில்லாத இன்னொருவர் நடையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெரம்பூர் அம்மா, டி.ஓ.எஃப். ஆபரேஷன் ஆன பிள்ளைகளிடம் பின்னாளில் குறிப்பாகக் கவனிப்பது நுரையீரல் வால்வில் கசிவு. ஆபரேஷனில் வழியை அகலப்படுத்தும்போது அந்த வால்வு பெரும்பாலும் இறுக மூடாமல் போய்விடும். ரத்தம் திரும்பத் திரும்ப உள்ளே வருவதால் வலது கீழறை வருஷக்கணக்கில் மெல்லப் பெரிதாகும். பிள்ளை நன்றாகத்தான் இருப்பான், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் எக்கோவோடு எப்போதாவது ஒருமுறை எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள். அடுத்த ரிவ்யூவில் கேட்க வேண்டிய கேள்விகள்: கசிவு எவ்வளவு, வலது கீழறை எந்த அளவில் இருக்கிறது, ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டி எடுக்கும் ஈ.சி.ஜி.) எடுக்க வேண்டுமா. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த முறையில் தைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

மாஸ்க் வைத்து எடுக்கும் டெஸ்ட் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஆக்சிமீட்டரோடு சாதாரண டிரெட்மில் டெஸ்ட், ஆறு நிமிட நடை டெஸ்ட் இவற்றிலிருந்தும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

வண்ணாரப்பேட்டை மாமா

எல்லாரும் ஓடு ஓடு என்கிறீர்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், பெருந்தமனி வால்வு சுருக்கம். வெளியே பார்த்தால் ஆள் கிண்ணென்று இருப்பான். ஸ்போர்ட்ஸ் டே ரிலேயில் பாதி தூரத்தில் சுருண்டு விழுந்தான். 108 வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிழைத்துவிட்டான். அவன் அம்மா பட்ட பாட்டை நான் பார்த்தவன். இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது பிள்ளையை கிரவுண்டில் இறக்கிவிட்டால் யார் பொறுப்பு? பயம் இருப்பதில் தப்பு இல்லை என்பது என் கருத்து.

அண்ணாநகர் ஃபிசியோ

மாமா, நீங்கள் சொல்வது இங்கே கட்டாயம் இருக்க வேண்டிய விஷயம். அந்த வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தால் போட்டி ஓட்டம் கூடவே கூடாது. உழைப்புக்கு ஏற்ற ரத்தத்தை இதயத்தால் வெளியே தள்ள முடியாது, மூளைக்குப் போவது குறையும், துடிப்பும் கெட்டுப்போகலாம். வால்வைச் சரிசெய்யும் வரை டாக்டர் நிறுத்தித்தான் வைப்பார். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகவும் ஏறிப்போய் உதடு நீலமாக இருப்பவர்கள், மார்ஃபான் என்ற மரபணு நோய் போன்ற காரணத்தால் பெருந்தமனி விரிந்திருப்பவர்கள், துடிப்புக் கோளாறு கட்டுக்குள் வராதவர்கள், இவர்களுக்கும் அப்படித்தான்.

எந்தக் குறையாக இருந்தாலும் சரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தால் அது வெயில், பசி என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே காட்ட வேண்டும், காட்டும் வரை எந்த விளையாட்டும் வேண்டாம். ஓடும்போது நெஞ்சு வலி, திடீரென்று படபடவென அடித்துக்கொள்வது, உதடோ நகமோ நீலமாவது, போன மாதம் முடிந்தது இந்த மாதம் முடியாமல் போவது, இவையும் உடனே சொல்ல வேண்டியவை.

ஆனால் மாமா, அந்தப் பையனுக்கு ஓடுவதற்கு முன்பே பரிசோதனை நடந்திருந்தால் ரிலேயில் நின்றிருக்கவே மாட்டான். பெரம்பூர் அம்மாவின் மகனைப் பரிசோதித்தால் ஒருவேளை உட்கார்ந்திருக்கவே வேண்டியிருக்காது. இரண்டு பேருக்கும் தேவை அதே பரிசோதனைதான்.

வண்ணாரப்பேட்டை மாமா

சரி, அது நியாயம். பரிசோதனை இல்லாமல் இறக்காதீர்கள் என்பதை மட்டும் எல்லாரும் மனதில் வையுங்கள்.

பி.டி. மாஸ்டர்

பள்ளிக்கூடத்தின் பக்கம் இருந்து நான் பேசுகிறேன். வடசென்னையில் உடற்கல்வி ஆசிரியர். ஒரு பீரியடில் ஐம்பது பிள்ளைகள், நான் ஒருவன். ஏதாவது ஒன்று ஆனால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பயத்தில்தான் பல ஆசிரியர்கள் பிள்ளையை உட்காரவைக்கிறார்கள். வன்மம் எதுவும் இல்லை.

எங்களுக்கு வரும் கடிதங்களில் "ஃபிட் ஃபார் ஸ்போர்ட்ஸ்" அல்லது "அவாய்ட் ஸ்ட்ரெனியஸ் ஆக்டிவிட்டி" என்று ஒரு வரிதான் இருக்கும். இதை வைத்து நான் என்ன செய்ய? எனக்குத் தேவையானது: என்னென்ன விளையாடலாம், எதெல்லாம் கூடாது, இடையில் உட்கார விட வேண்டுமா, என்ன தெரிந்தால் நிறுத்த வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும். இவ்வளவும் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

என் வகுப்பில் இப்படி ஒரு பெண் பிள்ளை உண்டு. அவளிடம் நான் வைத்த ஒரே விதி, நிற்க வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் கேட்காமல் நிற்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இந்த உரிமை கைக்கு வந்ததும் அவளே தன் அளவைக் கண்டுபிடித்துக்கொண்டாள். விசில் அடித்து ஓடவைத்தால்தான் பிள்ளைகள் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்கப் போய் அளவை மீறுவார்கள்.

இன்னொன்று, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கபடி, மல்யுத்தம், பாக்ஸிங் வேண்டாம். தலையில் ஒரு அடி பட்டால்கூட உள்ளே ரத்தக்கசிவு ஆகலாம். பெற்றோர் இந்த மாத்திரையைப் பற்றி எங்களிடம் சொல்வதே இல்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

பெசன்ட் நகர் அப்பா

என் மகளுக்கு 16. அவளுக்கு வேலை செய்யும் கீழறை ஒன்றுதான். ஃபோண்டான் ஆபரேஷன் ஆனவள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இங்கே படித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஃபோண்டானில் உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் இதயத்துக்குள் போகாமல் நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதைத் தள்ளிவிட அங்கே பம்ப் கிடையாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவையும், கால் தசைகள் சுருங்கி ரத்தத்தை மேலே ஏற்றுவதும்தான் துணை. இதை எங்கள் டாக்டர் படம் போட்டுக் காட்டிவிட்டு, "இவளுக்குக் கெண்டைக்காலும் தொடையும்தான் ரெண்டாவது இதயம். அதை வளர்த்து வைங்க" என்றார். அதுவரை அவளைத் தூக்கிக்கொண்டு திரிந்த குடும்பம் நாங்கள்.

இப்போது காலையில் கடற்கரையோரம் எலியட்ஸ் பீச் நடைபாதையில் வேகநடை. மாலையில் வீட்டில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்து எழுவது. மற்ற பிள்ளைகள் அளவுக்கு அவளால் முடியாது, முடியப்போவதும் இல்லை. ஃபோண்டான் பிள்ளைகளின் உச்சத் திறன் பொதுவாகவே குறைவுதான். ஆனால் கோயில் பிரகாரத்தை நிற்காமல் சுற்றி வருகிறாள். தோழிகளோடு பஸ் ஏறி டி. நகர் போய் வருகிறாள். ஒரு குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

தண்ணீர் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். உடம்பில் நீர் குறைந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ரத்த ஓட்டமே தளர்ந்துவிடும். கத்திரி வெயிலில் வெளியே பயிற்சி கிடையாது, வீட்டுக்குள் ஃபேன் அடியில்தான். சென்னையில் வெயில் இல்லாத நாளிலும் புழுக்கம் இருக்கும். வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. மழைக்காலம் தவிர ஏழரை மணிக்கு மேல் எங்களுக்கு நடை இல்லை.

கிண்டி மாணவி

எனக்கு 20 வயது. குழந்தையில் பெருந்தமனிச் சுருக்கத்துக்கு ஆபரேஷன் ஆனது. விடுதிக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன். அங்கே டிரெய்னர் "ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே" என்று அதிக எடை தூக்கச் சொல்கிறார். வீட்டில் ஜிம்மே வேண்டாம் என்கிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது தழும்பைப் பற்றிக் கேட்பார்கள் என்ற கவலை வேறு அவர்களுக்கு. நான் என்ன செய்யலாம்?

அண்ணாநகர் ஃபிசியோ

தங்கச்சி, ஜிம்மை விட வேண்டியதில்லை, ஆனால் அந்தக் கனமான எடை இப்போதைக்கு வேண்டாம். சுருக்கத்தைச் சரிசெய்த பிறகும் பலருக்கு பி.பி. ஏறும். சும்மா இருக்கும்போது சரியாக இருந்து, உழைக்கும்போது மட்டும் எகிறுவதும் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்கும்போது பி.பி. சட்டென்று எகிறும், அந்த அழுத்தம் பெருந்தமனியில் தையல் போட்ட இடத்தில் இறங்கும். இந்தக் குறையோடு பலருக்கு, மூன்று இதழ் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வில் இரண்டு இதழ்தான் இருக்கும். அதனால் வால்வு, தமனியின் அகலம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

எனவே முதலில் டாக்டரிடம் ஓய்விலும் டிரெட்மில்லிலும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கையில் எடுப்பது என்பதையும் கேளுங்கள். சில ஆபரேஷன் முறைகளில் இடது கைக்குப் போகும் ரத்தக்குழாயைப் பயன்படுத்தியிருப்பார்கள், அப்போது இடது கை அளவு சரியாகக் காட்டாது. அவர் சரி என்றால், பேசிக்கொண்டே தூக்க முடிகிற எடை, தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது, முகம் சிவக்கும் முன் நிறுத்துவது. சைக்கிள், வேகநடை, நீச்சலுக்கு முக்கிய இடம் கொடுங்கள்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு அளவுகோல் சொல்கிறேன். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர உழைப்பு. இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்கள் வாட்சில் காட்டும் துடிப்பு எண்ணை நம்பிப் பயிற்சி செய்யாதீர்கள், மாத்திரை அதை ஏறவிடாது. இந்தப் பேச்சு முறைதான் அவர்களுக்குச் சரி.

தாம்பரம் தம்பி

கிண்டி தங்கச்சி, தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஷான் ஒயிட் என்று ஒரு அமெரிக்க ஸ்னோபோர்டு (பனிச்சறுக்கு) வீரர். என்னைப் போலவே டி.ஓ.எஃப்., ஒரு வயதுக்குள் இரண்டு ஆபரேஷன். 2006, 2010, 2018 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம். எல்லாராலும் அது முடியாது, எனக்கும் தேவையில்லை. ஆனால் இந்த நெஞ்சோடு அதுவும் நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் நான் மெரினாவில் சட்டையைக் கழற்றிக் குளித்தேன்.

இன்னொன்றைப் பெற்றோர்கள் யோசிக்க வேண்டும். இந்தக் காலத்தில் ஆபரேஷன் ஆன பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். நமக்கும் நாற்பது வயது வரும். நம் வீடுகளில் சர்க்கரை, பி.பி., அடைப்பு எல்லாம் சகஜம். ஏற்கெனவே தைத்த இதயத்தின் மேல் அதுவும் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? பொத்திப் பொத்தி வைத்து எடை ஏறவிடுவது அதற்குத்தான் வழி வைக்கிறது.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாதிரி இடங்களில் காட்டி வளர்ந்தவர்கள், வயது கூடியதும் பெரியவர்களைப் பார்க்கும் இதயப் பிரிவுக்கு மாறியாக வேண்டும். பலர் அந்த இடைவெளியில்தான் ரிவ்யூவை விட்டுவிடுகிறார்கள். ஃபைலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வால்வு மாற்ற வேண்டிவந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்று ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டரில் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பெரம்பூர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. ரிவ்யூவை முன்னதாகவே வாங்கிப் போய்வந்தோம். நீங்கள் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினார். வால்வில் கசிவு இருக்கிறது, வலது கீழறை கொஞ்சம் பெரிது, ஆனால் இப்போது கைவைக்க வேண்டிய அளவு இல்லை. டிரெட்மில்லில் துடிப்பும் ஆக்சிஜனும் சரியாக இருந்தன. மூச்சு வாங்குவதற்கு எடையும் பழக்கமின்மையும்தான் முக்கியக் காரணம் என்றார்.

கடிதத்தில் எழுதியிருப்பது: ஓட்டம், ஷட்டில், சைக்கிள், நீச்சல், கிரிக்கெட் எல்லாம் அவன் வேகத்தில் ஆடலாம். போட்டிக்கான கடும் பயிற்சி அடுத்த ரிவ்யூவுக்குப் பிறகு முடிவு செய்யப்படும். முக்கித் தூக்கும் எடை வேண்டாம். விரும்பிய நேரத்தில் நிற்க அனுமதிக்க வேண்டும். மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி என்றால் உடனே நிறுத்தி எங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொல்ல வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 60 நிமிடம் என்ற அளவை மெதுவாக எட்டலாம். உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லும் அளவு அதுதானாம். என் மாமியாரையும் கூட்டிப் போயிருந்தேன். டாக்டர் வாயாலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று.

ஆனால் இப்போது மகனே தயங்குகிறான். "எல்லாரும் பார்ப்பாங்கம்மா, எனக்கு ஓடவே தெரியாது" என்கிறான். இதற்கு என்ன செய்ய?

தாம்பரம் தம்பி

வகுப்போடு சேர்த்து ஆரம்பிக்காதீர்கள் அக்கா. எனக்கும் அதே வெட்கம் இருந்தது. சித்தப்பா பையனோடு இருட்டோடு இருட்டாக ரயில்வே கிரவுண்டில் ஆரம்பித்தேன். ஒரு விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அடுத்தது வரை நடை. மூச்சு வாங்குவது என்பது எல்லாருக்கும் வருவதுதான், ஆபத்து இல்லை என்று உடம்புக்குப் புரிய கொஞ்ச நாள் ஆகும். அவன் பயப்படுவது பெரும்பாலும் அதற்குத்தான். கூட ஒரு ஆள் ஓடட்டும், நீங்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டாம்.

பி.டி. மாஸ்டர்

கடிதம் நன்றாக இருக்கிறது, இப்படி ஒன்று வந்தால் எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். நகல் எடுத்து வகுப்பாசிரியருக்கு ஒன்று, பி.டி. ஆசிரியருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று கொடுங்கள். ஆசிரியர் மாறினால் கடிதம் காணாமல் போய்விடும்.

முதலில் ஷட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஆட்டம், பாயிண்டுக்குப் பாயிண்ட் நிற்கலாம், பந்து எடுக்கப் போகும் சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்புறம் உங்கள் மகனின் பி.டி. பீரியட் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்து இருந்தால் காலைக்கு மாற்ற முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஜூனில் டைம்டேபிள் போடும்போது கேட்டால் நடக்கும். ஆகஸ்டில் கேட்டால் நடக்காது.